பார்க்குல நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்தீங்களா?

வணக்கம் மக்களே. சென்னையில ஒரு பார்க்குக்கோ குறுங்காட்டுக்கோ ஜனங்க எதை நம்பி வர்றாங்க, அது எதனால கெட்டுப்போகுது, இன்னிக்கு அதைத்தான் பாக்கப்போறோம்.

முதல்ல நிழல். சாயங்காலம் நாலு மணிக்கு எந்த பெஞ்சுல ஆள் உக்காந்திருக்காங்கன்னு கவனிங்க. மரத்துக்குக் கிழக்கால இருக்கிற பெஞ்சு நிறைஞ்சிருக்கும், மேற்கால இருக்கிறது காலியாக் கிடக்கும். காலையில வந்து நிழல் பாத்து பெஞ்சு போட்டா இப்படித்தான் ஆகும். தண்டுலேர்ந்து கிழக்கால ஆறேழு அடி தள்ளிப் போட்டாலே போதும்.

அடுத்து, மரத்தோட காலடி. தண்டை ஒட்டி பேவர் பிளாக் பதிச்சா மழைத்தண்ணி உள்ள இறங்காது, வேருக்குக் காத்தும் கிடைக்காது. வேர் மேல வந்து கல்லைத் தூக்கும். உடனே வேரை வெட்டிட்டுக் கல்லைத் திரும்பப் பதிப்பாங்க. அடுத்த புயல்ல அந்த மரம் நிக்குமா? 2016 டிசம்பர்ல வர்தா அடிச்சப்போ குல்மோகர், தூங்குமூஞ்சியெல்லாம் எப்படிச் சாஞ்சு கிடந்துச்சுன்னு இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். தண்டைச் சுத்தி மூணு அடியாவது மண்ணா விடணும். அதுமேல மூணு அங்குலம் சருகு போடலாம், ஆனா தண்டுல ஒட்டக்கூடாது, பட்டை அழுகிடும்.

சருகைக் குப்பைன்னு நினைச்சு கூட்டி வாரி ஏத்திடறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவமே வருது. பாதையைக் கூட்டுங்க, யாரு வேணாம்னா? கூட்டினதை மரத்தடியிலயே தள்ளுங்க. தவிட்டுக்குருவி கூட்டமா வந்து இலையைப் புரட்டுறது அதுக்குள்ள இருக்கிற பூச்சிக்காகத்தான். அக்டோபர் வாக்குல வடக்கேருந்து வர்ற ஆறுமணிக்குருவியும் புதரும் சருகும் இருக்கிற இடமாப் பாத்துத்தான் இறங்கும். கேமரா தூக்கிட்டு வர்றவங்க தேடுறது இதைத்தான், செயற்கை நீரூற்றை இல்ல.

இப்போ மியாவாக்கி, அதாவது கன்னுகளை நெருக்கி நட்டு வளர்க்கிற குறுங்காடு. ஒரு சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு, ரெண்டு மூணு வருஷம் தண்ணி ஊத்திக் களை எடுக்கணும், அதுக்கப்புறம் தானா வளரும். பறவைக்கு நல்லது, தூசியையும் தடுக்கும். ஆனா உள்ள மனுஷன் நடக்க முடியாது. பார்க்கோட நடுவுல போட்டா வர்றவங்களுக்கு அது பச்சைச் சுவர்தான். ரோட்டோர வேலியை ஒட்டிப் போடுங்க. நடக்கிற பக்கம் புங்கன், மகிழம், நாவல்னு இருபது இருபத்தஞ்சு அடி இடைவெளி விட்டு வைங்க. இலுப்பைன்னா முப்பது அடி.

தனியா வர்ற பெண்கள் பாக்கிற விஷயம் வேற. அடுத்த வளைவுல யார் நிக்கிறாங்கன்னு தெரியணும். பாதையோரப் புதர் ரெண்டரை அடிக்கு மேல போகக்கூடாது, மரக்கிளை ஏழெட்டு அடிக்குக் கீழ தொங்கக்கூடாது. பெரிய கிளையை எடுக்கும்போது முதல்ல தண்டுலேர்ந்து ஒரு அடி தள்ளி அடியிலேர்ந்து கால்வாசி அறுக்கணும். அதுக்குக் கொஞ்சம் வெளிய மேலேர்ந்து அறுத்து விழவிடணும். கடைசியா மீதித் துண்டை, கிளை தொடங்குற இடத்துல இருக்கிற புடைப்பை விட்டுட்டு அறுக்கணும். ஒரே வெட்டா வெட்டினா பட்டை தண்டு வரைக்கும் உரிஞ்சு வந்துடும், அந்தக் காயம் லேசுல மூடாது.

கழிப்பறை பூட்டாம இருக்கணும், தண்ணி வரணும். அவ்வளவுதான்.

எல்லா இடமும் நம்ம நடக்கிறதுக்குன்னு இல்லங்க. கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். வெளிமானும் புள்ளிமானும் வாழ்ற காடு. அதை ஒட்டி இருக்கிற சிறுவர் பூங்காவை மட்டும் பாத்துட்டு வந்துடணும்.

உங்க பார்க்குல இதுல எது கெட்டிருந்தாலும் மாநகராட்சி எண் 1913-க்குப் போடுங்க. 'பார்க் மோசமா இருக்கு'ன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. 'கிழக்கு வாசல்லேர்ந்து மூணாவது மரம், தண்டை ஒட்டி கான்கிரீட், மூணு அடி உடைச்சு எடுக்கணும்'னு சொல்லுங்க. புகார் எண்ணை மறக்காம வாங்கிக்குங்க.