பானைக்குள் கேட்ட கடல்
(கடலூர் குறும்படத் திரையிடலில் பேசியது)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களே, மதியத்திலிருந்து நாற்காலி போட்டு மைக் கட்டிய தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். முதல்வர் எனக்குப் போர்த்திய பொன்னாடையை, இன்று படம் காட்டப்போகும் பிள்ளைகளில் இளையவளுக்குப் போர்த்திவிட்டேன். அவர் பொறுத்தருள வேண்டும்.

மூன்று செய்திகள் பேச வந்தேன். அண்டத் திகில் என்றால் என்ன, காசில்லாமல் அதை எப்படி எடுக்கிறார்கள், எடுத்த படத்தை எங்கே போடுவது.

பேய்க்கு நம்மேல் கோபம் இருக்கும். கோபம் இருந்தால் பரிகாரமும் இருக்கும், எலுமிச்சம்பழமாவது இருக்கும். அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் 1890இல் பிறந்த லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளர் வேறொரு பயத்தை எழுதினார். அவர் கதைகளில் வரும் பேருருவங்களுக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பயம்தான் அண்டத் திகில். நம் ஊருக்கு இதை விளக்க வேண்டுமா? 2004 டிசம்பர் 26 காலையில் வந்த கடலுக்கு நம்மேல் என்ன கோபம்?

அவருடைய 'கதுலுவின் அழைப்பு' 1928இல் வெளிவந்த கதை. அதை 2005இல் அவர் பெயரிலேயே இயங்கும் ஓர் அன்பர் குழு படமாக்கியது. அந்தக் காலத்திலேயே எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி, கறுப்பு வெள்ளையில், பேசாத படமாக, 47 நிமிடம். கதுலு என்ற அந்தப் பூதத்தைப் பொம்மையாகச் செய்து, இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்தார்கள். பென்சன், மூர்ஹெட் என்ற இரு இயக்குநர்கள் 2017இல் வெளிவந்த தங்கள் அண்டத் திகில் படத்தில் அண்ணன் தம்பியாகத் தாங்களே நடித்தார்கள். தயாரிப்பாளர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கு குடல் வற்றிச் செத்ததாம் என்று என் அம்மா சொல்லும்.

இந்தப் பிள்ளைகள் கதையைக் கேளுங்கள். போன மாசி மாதம். வாடகைக் கேமரா கடைசி நேரத்தில் கைவிட்டுப்போனது. கையில் ஒரு போன்தான். கடலிலிருந்து எழும் பூதத்துக்குக் கிழிந்த வலையும் தென்னை நாரும் சேர்த்து ஓர் உருவம் கட்டினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வைக்கோல் போர் மாதிரி நிற்கிறது! மூன்று பையன்களும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். இதோ பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறாளே, இந்தப் பெண், தண்ணீர் கொண்டுவந்த மண்பானையைக் காலி செய்து, அலை ஓரத்தில் கடலைப் பார்த்துச் சாய்த்து வைத்தாள். போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்துப் பதிவு செய்தாள். அரை மணி நேரம். அப்புறம் ஹெட்போனில் கேட்டவள் பேசவே இல்லை.

விடியும் நேரம். பக்கத்தில் ஒரு பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா கேக்குற?" என்றார். அவர் காதில் மாட்டிவிட்டாள். ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர். கேட்டார். கழற்றினார். கடலை ஒருமுறை பார்த்தார். "இது நம்ம கடல் இல்லம்மா" என்றார்.

வலைப் பூதத்தை அங்கேயே பிரித்துப் போட்டுவிட்டார்கள். படத்தில் பூதமே கிடையாது. அந்தச் சத்தமும் அந்தப் பெரியவர் முகமும்தான்.

ஐயா, அந்தச் சத்தத்தை எங்கே கேட்பது? போன் ஸ்பீக்கரில் கேட்டால் கொசு ரீங்காரம். இந்தப் படத்துக்கு இருட்டு வேண்டும், அடித்தொண்டையில் உறுமும் நல்ல ஸ்பீக்கர் வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1995இல் லவ்கிராஃப்ட் பெயரில் ஒரு திரைப்பட விழாவே தொடங்கிவிட்டார்கள். நம் பிள்ளைகள் ஒரு திரைக்காகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறார்கள். மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் கைகூப்பிக் கேட்கிறேன். நம் ஊரில் சும்மா பூட்டிக் கிடக்கும் அரங்கு ஒன்றை மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை திறந்துவிடுங்கள். மல்டிபிளக்ஸ் வரும், அதில் இடம் தருவார்கள் என்று சொல்லாதீர்கள். கொக்கு காத்திருந்த கதைதான் அது.

திரையிடும் இடம் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது, நேரமாகிவிட்டது. வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். இப்போது படம். தம்பி, அந்த ஜன்னலையும் சாத்து. விளக்கை அணைத்துவிடு.