தடித்த இதயமும் தேங்கிய பைகளும்

எல்லோருக்கும் வணக்கம். இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ சோதனையின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "இதயம் வீங்கியிருக்காம்" என்று கவலைப்படுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த 'வீக்கம்' என்ற சொல்லை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். கால் சுளுக்கினால் நீர் கோத்துக்கொண்டு வருவது வீக்கம். இங்கே நடப்பது வேறு. இதயத்தின் இடது கீழறைச் சுவர் சாதாரணமாக ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். உயர் இரத்த அழுத்தமோ, குறுகிப்போன வால்வோ வருடக்கணக்கில் எதிர்த்து நின்றால் அந்தச் சுவர் தடிக்கிறது. தசைச் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கிற செல் ஒவ்வொன்றும் பருக்கிறது.

ஏனென்றால் இதயத் தசைச் செல் அநேகமாகப் பிரிந்து பெருகுவதே இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்து, நம் உடம்புக்குள்ளும் வந்துவிட்ட கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்து இதை அளந்தார்கள். 2009இல் வெளியான கணக்கு அது: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு. தோல் செல் பழுதானால் உதிர்ந்துவிடும், அடுத்தது வந்துவிடும். இதயச் செல்லுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிந்தபடியே, தன் பழுதையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலைக்குப் பெயர் தன்னுண்ணல், அதாவது ஆட்டோபேஜி. 1963இல் கிறிஸ்டியான் டி டூவ் வைத்த பெயர். செல்லுக்குள் ஒரு மெல்லிய சவ்வு கிண்ணம்போல் வளைந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதையோ, கெட்டுப்போன புரதத்தையோ சுற்றி மூடி ஒரு பையாகிறது. அந்தப் பை, செல்லின் செரிமான அறையான லைசோசோமோடு இணைகிறது. உள்ளே இருக்கும் நொதிகள் எல்லாவற்றையும் கரைத்து, மூலப்பொருளாகத் திருப்பித் தருகின்றன.

இதைக் கண்ணால் பார்த்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, கரைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் செல்களை எடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் ஈஸ்டில் லைசோசோமின் வேலையைச் செய்யும் குமிழறைக்குள் உருண்டை உருண்டையாகப் பைகள் சேர்ந்து, துள்ளிக்கொண்டிருந்தன. கரைக்க வழியில்லாமல் தேங்கியதால்தான் அவை கண்ணில் பட்டன. 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் 'தேங்கியதால் தெரிந்தது' என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

சரி, பருக்கும் செல்லுக்கு வருவோம். சுமை ஏறியதும் செல்லுக்குள் எம்டார் என்ற புரதம் "கட்டு, கட்டு" என்று முடுக்குகிறது. அதே எம்டார் தன்னுண்ணலுக்குத் தடையும் போடுகிறது. அப்படியானால் தன்னுண்ணலைத் தூண்டிவிட்டால் போதுமா? 2007இல் வந்த இரண்டு எலி ஆய்வுகள் அந்த ஆசையைக் குழப்பிவிட்டன. ஒன்றில், வளர்ந்த எலியின் இதயத்தில் பை உருவாகத் தேவையான ஏடிஜி5 மரபணுவை நீக்கினார்கள். இதயம் பெருத்து, விரிந்து, துவண்டது. இன்னொன்றில், தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கும் பெக்ளின் 1ஐப் பாதியாக்கிய எலிகள் கடும் அழுத்தச் சுமையில் மற்ற எலிகளைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தன. பெக்ளினைக் கூட்டியபோது நிலைமை மோசமானது.

இரண்டும் உண்மைதான். குறைந்தாலும் கெடுதல், கடும் சுமையில் எல்லை மீறினாலும் கெடுதல். என்னைக் கேட்டால், கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்வியைவிட, வேலை கடைசிவரை முடிகிறதா என்ற கேள்விதான் முக்கியம். நோயுற்ற இதயத் திசுவில் பைகள் நிறைய இருந்தால் "ஆகா, தன்னுண்ணல் கூடியிருக்கிறது" என்று எழுதிவிடத் தோன்றும். ஓசுமியின் ஈஸ்டிலும் பைகள் நிறையத்தான் இருந்தன! அதனால் விவரமானவர்கள் லைசோசோமை வேண்டுமென்றே அடைத்துப் பார்ப்பார்கள். அடைத்த பிறகு பைகள் இன்னும் பெருகினால், அதுவரை அவை கரைந்துகொண்டிருந்தன என்று அர்த்தம். பெருகவில்லையென்றால் முன்பே அடைப்புதான்.

அந்த அடைப்பு மனிதரில் எப்படியிருக்கும் என்பதற்கு டானன் நோய் சாட்சி. லேம்ப்-2 என்ற லைசோசோம் புரதத்தின் மரபணுவில் பழுது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளைத்தான் கடுமையாகத் தாக்கும். பைகள் உருவாகும், கரையாது. பதின்ம வயதிலேயே இதயச் சுவர் மிகவும் தடித்துவிடும். பலருக்கு மாற்று இதயம் வைக்க வேண்டிவரும். லைசோசோமின் வேலையைக் கெடுக்கும் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களிலும், மிக அரிதாக, இதயத் தசை இப்படிப் பழுதாகியிருக்கிறது.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: "பட்டினி இருந்தால் தன்னுண்ணல் கூடுமாமே, இதயம் சரியாகிவிடுமா?" பட்டினியில் கூடும் என்பது சரி. எம்டாரை அடக்கும் ராபமைசின் எலிகளில் தடித்த இதயத்தை மெலியவைத்ததும் சரி. ஆனால் அது நோய் எதிர்ப்பையும் அடக்குகிற மருந்து. தன்னுண்ணலைக் குறிவைத்து மனிதரின் இதயத் தடிப்புக்குக் கொடுக்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. விரதத்தை நம்பி அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரையால் சுமை இறங்கினால், தடித்த சுவர் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஓரளவு மெலிவதை அதே எக்கோவிலேயே பார்க்கலாம்.