ரிக்‌ஷாக்காரருக்கும் கட்டுப்படியாக வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். சிறுதொழில் செய்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கூடியிருக்கிற இந்த அரங்கில் கடலூர் சின்னி கிருஷ்ணன் அவர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய முதலாளிகளைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். விவசாயம் பார்த்துக்கொண்டே, மருந்துப் பொருள்களைச் சிறிய அளவில் பாக்கெட் போட்டு விற்ற ஒரு தகப்பனாரைப் பற்றி யார் பேசுவது?

அந்தக் காலத்தில் முகப்பவுடர் என்றால் டப்பாதான். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற வீட்டில் டப்பா பவுடருக்கு எங்கே போவது? சின்னி கிருஷ்ணன் அதே பவுடரை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பாக்கெட்டுகளில் போட்டார். வயிற்றைச் சுத்தம் செய்யச் சாப்பிடுகிற பேதி உப்பு 100 கிராம் பாக்கெட்டாக வந்துகொண்டிருந்தது. அதை 5 கிராமில் கொடுக்கலாமே என்றார். கூலி வேலை செய்கிறவரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் தன் சரக்கை வாங்க வேண்டும், அவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார் என அவர் மகன் சி. கே. ரங்கநாதன் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

பவுடரும் உப்பும் சரி, திரவத்தை என்ன செய்வது? பாக்கெட்டின் ஓரத்தைச் சூடு காட்டி ஒட்டுகிற இடத்தில் மயிரிழை அளவு விட்டுப்போனாலும் கசிந்து பெட்டி முழுக்கப் பிசுபிசுத்துவிடும். அப்படியும், திரவத்தையும் இதில் அடைக்கலாம், எதிர்காலம் இதற்குத்தான் என்று நம்பினார். இன்றைக்குப் பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் ஷாம்பு சரம் சரமாகத் தொங்குகிறதே, அதன் தொடக்கத்தில் இந்தக் கடலூர்க்காரரின் யோசனை இருக்கிறது. அந்த உறைகள் இப்போது சாக்கடையை அடைக்கின்றன என்பதும் உண்மை. அதற்கு வழி தேட வேண்டியவர்கள் நாம்தான். அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

இனி அப்பாவாக அவர். பிள்ளைகளில் சிலர் டாக்டர், வக்கீல் என்று ஆனார்கள். ரங்கநாதனுக்கு மட்டும் படிப்பு ஏறவில்லை. அவர் பறவை, மீன் என்று வளர்த்து விற்றுக் கைச்செலவுக்குக் காசு பார்த்துக்கொண்டிருந்தார். புறா மட்டுமே 500 இருந்ததாம். ஒரு வீட்டில் 500 புறா என்றால் அந்த இரைச்சலையும் எச்சத்தையும் நினைத்துப் பாருங்கள்! பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளாமல் அது நடக்குமா? இவனுக்குப் படிப்பு சரிப்படாது, விவசாயம் பார்க்கட்டும், இல்லையென்றால் தொழில் செய்யட்டும் என்றார் தகப்பனார். மதிப்பெண் குறைந்ததும் பிள்ளையைத் தண்டமென்று பேசுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் பிள்ளைக்கு எது வரும் என்று பார்த்தார். எனக்கு அவருடைய பாக்கெட்டுகளைவிட இது பெரிதாகப் படுகிறது.

அவருக்குக் கைவராதது விற்பனை. ஒன்றைச் செய்து முடித்ததும் அடுத்த யோசனைக்குப் போய்விடுவார். மகன் கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே இறந்தும் போனார். அப்புறம் அண்ணன்மார் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களோடு ஒத்துப்போகாமல் 15,000 ரூபாயோடு வெளியே வந்த ரங்கநாதன், 1983-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். ஷாம்புவுக்கு ‘சிக்’ என்று பெயர் வைத்தார். சின்னி கிருஷ்ணன் என்கிற பெயரிலிருந்து எடுத்தது அது.

அப்பா விட்ட இடத்தை மகன் பிடித்துக்கொண்டார். தலைக்கும் சோப்பே போட்டுப் பழகிய ஊர்களுக்குப் போய், ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்து, ஷாம்பு போட்டுத் தலையை அலசிக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் அவன் முடியைத் தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பின்னாளில் 50 காசுக்கே ஒரு பாக்கெட் கிடைத்தது. ரிக்‌ஷாக்காரரும் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிற காசு அது.

இன்று ரங்கநாதனின் கெவின்கேர் நிறுவனம், மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷனோடு சேர்ந்து சின்னி கிருஷ்ணன் பெயரில் விருது வழங்கி வருகிறது. புதிதாக ஒன்றைச் செய்து காட்டும் சிறிய நிறுவனங்களுக்கான விருது. நம்மவர்களில் பலர் ‘நமக்கெல்லாம் எங்கே’ என்று விண்ணப்பமே போடுவதில்லை. தயவுசெய்து போடுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.