கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். கருந்துளைகளைப் பற்றிப் படமோ சமன்பாடோ இன்றிச் சொல்லக்கூடியவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றுள் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையிடையே திரும்பவும் சொல்வேன், பொறுத்தருள வேண்டும். கருந்துளை என்பது கண்ணில் பட்டதையெல்லாம் உறிஞ்சித் தீர்க்கும் பூதம் அன்று.

ஒரு கல்லை மேல்நோக்கி எறிந்தால் அது திரும்பி விழுகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் கல் பூமிக்குத் திரும்பாது. சூரியனின் மேற்பரப்பிலிருந்து அவ்வாறு தப்பிச் செல்ல நொடிக்கு ஏறத்தாழ 618 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நிறையைக் குறைக்காமல் ஒரு பொருளைச் சுருக்கிக்கொண்டே போனால், அதன் மேற்பரப்பு மையத்தை நெருங்க நெருங்க, தப்புவதற்கான வேகமும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது ஒளியின் வேகமாகிய நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அதற்கு உட்பட்ட இடத்திலிருந்து ஒளியும் வெளியேற இயலாது. அந்த வரம்பை நிகழ்வெல்லை என்கிறோம். முதல் உலகப் போரில் ருஷ்ய முனையில் பணியாற்றிய ஜெர்மானிய வானியலாளர் கார்ல் சுவார்ட்சைல்டு, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்டு 1916-இல் வெளியான தீர்விலிருந்து இதன் அளவைக் கணக்கிடலாம். பூமியைச் சிறிய நெல்லிக்காய் அளவுக்கு நசுக்கினால் அது கருந்துளையாகிவிடும். சூரியனையோ 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடக்க வேண்டும்.

சரி, சூரியனை யாரோ அப்படி அடக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பூமிக்கு என்ன ஆகும்? எட்டு நிமிடங்களுக்குப் பிறகு இருள் சூழும். பிறகு குளிர் வாட்டும். ஆனால் பூமி உள்ளே இழுக்கப்படாது. சூரியனின் நிறை மாறவில்லை, நமக்கும் அதன் மையத்துக்கும் உள்ள தொலைவும் மாறவில்லை. எனவே ஈர்ப்பும் மாறாது, ஆண்டும் அதே 365 நாள் கணக்கிலேயே ஓடும். தொலைவிலிருந்து பார்க்கும்போது கருந்துளையின் ஈர்ப்பு, அதே நிறையுள்ள எந்தப் பொருளின் ஈர்ப்பையும் போன்றதுதான். மிக அருகில் சென்றால் மட்டுமே கதை வேறு: சுழலாத கருந்துளையாயின், அதன் நிகழ்வெல்லையின் ஆரத்தைப்போல் மும்மடங்குத் தொலைவுக்குள் நிலையான வட்டப்பாதை கிடையாது.

நம் சூரியன் அப்படிச் சுருங்கப்போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எரிபொருள் தீர்ந்த விண்மீன், சுருங்கி மெல்ல ஆறிவரும் வெண்குறுமீனாக நிலைத்திருக்க, அதன் எச்சம் சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்குள் இருக்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் அமர்ந்து போட்ட கணக்கிலிருந்து வளர்ந்த வரம்பு இது. இதை மீறும் எச்சங்கள் இன்னும் செறிவாகச் சுருங்கி நியூட்ரான் விண்மீன்களாகலாம். அவற்றையும் மிஞ்சிய கனமுள்ளவை கருந்துளைகளாகின்றன.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நம் பால்வீதியின் மையம் தனுசு ராசியின் திசையில், மூலம், பூராடம் ஆகிய நட்சத்திரங்களுக்கு இடையில், சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதை வெறுங்கண்ணால் காண முடியாதபடி தூசு மறைக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களோ அந்தத் தூசைக் கடந்து வந்துவிடும். எனவே ஆந்திரியா கெஸ் தலைமையிலான குழு ஹவாய்த் தீவிலிருந்தும், ரைன்ஹார்டு கென்செல் தலைமையிலான குழு சிலி நாட்டிலிருந்தும், 1990-களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அந்த மையத்து விண்மீன்களின் இடப்பெயர்ச்சியைக் குறித்துக்கொண்டே வந்தன. ஒன்றுக்கொன்று போட்டியாக இயங்கிய இரு குழுக்களும் ஒரே முடிவுக்கு வந்தன என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எஸ்2 என்ற விண்மீன், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. 2018 மே மாதத்தில் அது மிக நெருங்கியபோது, இடைவெளி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் சுமார் 120 மடங்கே. வேகமோ நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல். பாதையின் அளவும் சுற்றுக்காலமும் தெரிந்தால் நடுவிலுள்ளதன் நிறை தெரிந்துவிடும். விடை, 40 லட்சம் சூரியன்களுக்கும் அதிகம். இவ்வளவு நிறை அவ்வளவு சிறிய இடத்தில் ஒளியின்றி அடங்கியிருக்கக் கருந்துளையைத் தவிர வேறு பொருத்தமான விளக்கம் இல்லை. 2020-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எஸ்2 உள்ளே விழவில்லை என்பதைக் கவனியுங்கள். 2002-இல் நெருங்கியது, விலகிப் போயிற்று. 2018-இல் நெருங்கியது, மீண்டும் விலகிப் போயிற்று. அந்தக் கருந்துளை அதை உறிஞ்சியிருந்தால், எடைபோட நமக்கு விண்மீனே மிஞ்சியிராது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். விரிவாகப் பேச எண்ணியிருந்த ஈர்ப்பலைகளை, அதாவது வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளை, ஒரு வாக்கியத்தில் முடிக்க வேண்டியிருக்கிறது: இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தபோது எழுந்த அதிர்வை, 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாகப் பதிவுசெய்தன. நம் பால்வீதி மையத்துக் கருந்துளையைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் படம் 2022 மே மாதம் வெளியாயிற்று. வானொலியில் அதைக் காட்ட இயலாது, இணையத்தில் தேடிப் பாருங்கள். கருந்துளையிலிருந்தும் கதிர்வீச்சு கசியும் என்ற ஹாக்கிங்கின் கருத்துக்கு இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.