சம்பந்தியோடு முப்பது கிலோமீட்டர்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பாதிப்பேர் பச்சை வேட்டியும் மாலையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், அடுத்த வாரம் தைப்பூசத்துக்கு நடக்கப் போகிறீர்கள். அந்தக் காலத்தில் ஆற்றுப்படை என்று பாடுவார்கள், போய்ப் பரிசு வாங்கி வந்தவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது. எனக்கும் இன்றைக்கு அந்த வேலைதான். போன வருஷம் நான் நடந்த ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன், ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி வரைக்கும்.

நம் தாண்டிக்குடிக்கும் பழனிக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனான், ஊருக்குப் பேரே அதனால்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவனுக்கு ஒரு தாண்டு போதும். நமக்குப் பாச்சலூர் வழியாகப் பஸ்ஸில் மலை இறங்கி, அப்புறம் முப்பது கிலோமீட்டர் நடை.

கூட வந்தவர் என் சம்பந்தி. சின்னாளபட்டியில் தறி நெய்கிறவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். பெண்ணைக் கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அதுவரை நாங்கள் இரண்டுபேரும் "வாங்க", "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் பேசியதே இல்லை.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகிற லாரிகளில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. நான் மலையில் ஏறி இறங்கிப் பழகியவன், விறுவிறுவென்று நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். இருட்டில் வரிசையாக வருகிற கூட்டத்தில், முதுகுப்பைகளில் ஒட்டிய ஒளிரும் பட்டைகளுக்கு நடுவே தேடிக் கண்டுபிடித்தேன். "சம்பந்தி, நீங்க மலைக்காரர். நான் குழித்தறியில உக்காந்து மிதிச்ச காலு. நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வந்து சேர்ந்துக்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவர் காலைப் பார்த்து என் காலை வைத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது, அந்த நாளே வேறு நாளாகிவிட்டது.

பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை பாருங்கள், வாய் தானாகத் திறக்கிறது. என் மகள் கல்யாணமாகிப் போன முதல் மாதம் ராத்திரியில் அழுவாளாம். அவர் வெளியே தறிக்கூடத்தில் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் நெய்துகொண்டிருப்பாராம், வீட்டில் ஆள் விழித்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தைரியமாக இருக்கட்டுமே என்று. நாலு வருஷமாக எனக்குத் தெரியாத விஷயம் இது. இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

விருப்பாட்சிக்குக் கொஞ்சம் முன்னால் என் பையின் வார் தையல் விட்டுவிட்டது. உட்காரச் சொன்னார். மடியிலிருந்து சின்ன நூல்கண்டு, ஊசி. நடுவில் நூல் தீர்ந்துபோக, பழைய நுனியையும் புது நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. முடிச்சே இல்லை. இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை. "அச்சு பிணைக்கையில ஆயிரக்கணக்கான இழையை இப்படித்தான் சேர்ப்போம்" என்றார், தறியில் பழைய இழைகளோடு புது இழைகளை இணைப்பதைச் சொல்கிறார். அந்தப் பையைத்தான் இன்றைக்கும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், இதோ.

விருப்பாட்சியில் விடிந்தது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த மண், வெள்ளைக்காரனை எதிர்த்து 1801இல் தூக்கில் போடப்பட்ட பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர். இடது கைப்பக்கம் நம் மலை முழுக்க வெயில் ஏறுகிறது. பிறந்ததிலிருந்து மேலே இருந்து கீழே பார்த்தே பழகிய எனக்கு, நம் மலையைக் கீழேயிருந்து அப்படிப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. "உங்க ஊரு எந்த மடிப்புல இருக்கு?" என்று கேட்டார். அந்த முகட்டுக்கும் பின்னால் என்று கையை நீட்டினேன். நின்று கும்பிட்டார். எதற்கு என்றேன். "மருமக பொறந்த ஊரு" என்றார்.

சத்திரப்பட்டி தாண்டியதும் வெயில், பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், அன்னதானம். ஆயக்குடியில் கொய்யாப்பழம், மிளகாய்ப்பொடி உப்புத் தொட்டு. அங்கிருந்து பழனி மலை கண்ணில் பட்டதும் கூட்டம் மொத்தமும் அரோகரா என்றது பாருங்கள், எனக்கு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்திலேயே இடும்பன் மலை. இரண்டு மலையைக் காவடியாகத் தூக்கி வந்த இடும்பனே இளைப்பாற இறக்கி வைத்த இடம் இது, அதனால் மூச்சு வாங்கினால் தயங்காமல் உட்காருங்கள். நாங்கள் 693 படியில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தோம் என்று கணக்கே இல்லை.

இறங்கி வந்து பஞ்சாமிர்தம் வாங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிரசாதம், சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைவது. உள்ளங்கையில் வைத்து நக்கிவிட்டு, "இதுல உங்க மலைவாழை இருக்குமா சம்பந்தி?" என்று கேட்டார். இருக்கும் என்று சொன்னேன். இன்னொரு கை வாங்கிக்கொண்டார்.

இந்த வருஷமும் வருகிறார். அதே மூன்று மணிக்கு ஒட்டன்சத்திரத்தில் இருப்போம், மெதுவாகத்தான் வருவோம். முன்னால் போகிறவர்கள் விருப்பாட்சியில் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள், சேர்ந்து போகலாம்.