குடியை விட நினைப்பவருக்கு ஒரு கட்டில்

(ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, காவல் ஆய்வாளர் அவர்களே, மைதானம் தந்த தலைமையாசிரியை அவர்களே, பந்தலும் மோரும் தந்த வணிகர் சங்கத்தாரே, மகளிர் குழுத் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி.

உடம்பு, குடும்பம், சட்டம் மூன்றையும் பேசச் சொன்னார்கள். உடம்பிலிருந்து தொடங்குகிறேன்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார் எங்கள் அப்பத்தா. குடி கல்லீரலைக் கெடுப்பதும் அப்படித்தான். முதலில் கொழுப்பு, அப்புறம் வீக்கம், கடைசியில் சுருக்கம். கள்ளச்சாராயம் அந்த அவகாசத்தைக்கூடத் தராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்ற விஷம் கலந்த சாராயம் 60 பேருக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும்.

சரி, அப்படியானால் உடனே நிறுத்திவிட்டால் போதுமா? எங்கள் தெருக் கொத்தனார் ஒருவரின் கதையைக் கேளுங்கள். தினமும் காலையிலேயே குவார்ட்டர் போடுகிறவர். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். கறுப்பு வேட்டி, விடியலில் குளியல். தெருவே "சாமி, சாமி" என்று கும்பிட்டது. மறுநாள் கை நடுங்கியது, பனி என்றார்கள். மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, சுவரில் பூரான் ஊருகிறது என்று துண்டால் அடிக்கிறார். ஒரு பூரானும் இல்லை. செத்துப்போன தன் அண்ணனோடு பேசுகிறார். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். விடியும்போது வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "கடைசியா எப்பம்மா குடிச்சார்?"

"மாலை போட்டதுலேர்ந்து தொடவே இல்லை சார்."

"அதனாலதாம்மா."

பல வருடம் தினமும் குடித்த மூளை, சாராயம் இல்லாமல் திடீரென்று தறிகெட்டுப் போகிறது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் ஆபத்து. கவனிக்காவிட்டால் உயிரே போகும். நடுக்கத்துக்கு மாத்திரை, தயாமின் என்ற வைட்டமின் ஊசி, ஒரு வாரம் கட்டில். இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அந்தக் கட்டில் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பிழைத்தார். மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அவர் மனசு வைத்தவர்.

அதனால்தான் கேட்கிறோம்: நம் தாலுகா ஆஸ்பத்திரியில் குடிநோயாளிகளுக்கென்று பத்துக் கட்டில், மனநல மருத்துவர் ஒருவர். மதுக்கடையை மூடுங்கள் என்று போராடுகிறவர்களோடும் நிற்கிறேன். 2015இல் மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர் விட்ட காந்தியவாதி சசிபெருமாளை மறக்க முடியுமா? ஆனால் நாளைக்கே எல்லாக் கடையும் மூடினாலும், அன்றைக்கு ராத்திரி கை நடுங்குகிறவன் எங்கே போவான்? வட்டாட்சியர் ஐயா மேலிடத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

குடும்பம் பற்றிப் பேச இந்தத் தாய்மார்களுக்கு நான் யார்? சட்டத்தை ஆய்வாளர் சொல்வார். வீட்டில் யாராவது நிறுத்த நினைத்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள். போதை மீட்பு உதவி எண் 14446க்கு இலவசமாகப் பேசலாம். மேடைக்கு இடப்பக்கம் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். வேன் காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும். நன்றி, வணக்கம்.