கோல் கும்பஸில் ஒரு விடியற்காலை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வயதுக்குள் என் பார்வை முழுவதும் போய்விட்டது. நான் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு நினைவுச்சின்னத்தின் வாசலில், "இவருக்கு எதற்கு டிக்கெட்? உள்ளே போய் என்ன பார்க்கப் போகிறார்?" என்று என் அக்கா மகனிடம் ஒருவர் கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அன்று எனக்குப் பதில் வரவில்லை. அது கிடைத்தது கர்நாடகத்தில், பழைய பீஜப்பூரான விஜயபுராவில்.

அங்கே இருக்கும் கோல் கும்பஸ், 1656-இல் மறைந்த சுல்தான் முகமது ஆதில் ஷாவின் கல்லறை மாளிகை. குவிமாடத்தின் வெளிவிட்டம் சுமார் 44 மீட்டர் என்று படித்திருந்தேன். எனக்கு அது வெறும் எண். உள்ளே போய்க் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஓசை மேலே ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. இனி வராது என்று நினைத்தபோது தலைக்கு மேலிருந்து இறங்கி வந்தது. அப்போதுதான் அந்த 44 மீட்டர் எனக்குப் புரிந்தது.

நான் மதுரைக்காரன். தூண்களைத் தடவித் தடவியே கோயிலை அறிந்தவன். மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். இரண்டு எட்டு வைத்தால் கைக்கு ஒரு கல் வந்துவிடும். இங்கோ, சதுரமான பெருங்கூடத்தில் ஒரு தூண்கூட இல்லை. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுகள் அவ்வளவு பாரத்தையும் வாங்கிச் சுவர்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. நடுவில் கல்லறை மேடை. அதை ஒதுக்கி, சுவரோரம் நடந்தேன். கைத்தடி எதிலும் இடிக்காமல் அத்தனை தூரம் ஒரு கட்டடத்துக்குள் நான் நடந்ததே இல்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மூலைக் கோபுரத்தின் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. நூற்றுக்கு மேல் எண்ணினேன். உச்சியில், குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றி ஓடுகிறது கிசுகிசு மாடம். சுவரை ஒட்டிப் பேசும் மெல்லிய ஓசை நாலாபக்கமும் சிதறாமல், வளைந்த சுவரைத் தழுவியபடியே ஊர்ந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1920-களின் தொடக்கத்தில் இத்தகைய மாடங்களை ஆராய்ந்தார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தோடு கோல் கும்பஸையும் சேர்த்தே ஆராய்ந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கூட்டம் வந்துவிட்டால் கூச்சல்தான். ஒருவர் கத்த, அது ஏழெட்டு முறை திரும்பி வர, அதற்குள் இன்னொருவர் கத்துவார். எனக்கு அது கண்ணைக் கட்டிவிட்டது போல. தயவுசெய்து, அங்கே போகிறவர்கள் ஒரு நிமிடமாவது வாய் மூடி நில்லுங்கள். பார்வையற்ற ஒருவரை அழைத்துச் செல்கிறீர்கள் என்றால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். நீளம், அகலம் சொல்லி அவரை அவசரப்படுத்தாதீர்கள். சுவரோரம் நிறுத்திவிட்டு, நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

என் அக்கா மகன் அப்படித்தான் எதிர்ப்பக்கம் போனான். கிட்டத்தட்ட 38 மீட்டர் தூரம். நான் சுவரை ஒட்டி நின்றேன். மேலே நாங்கள் இருவர் மட்டும். மணி பார்க்கலாம் என்று என் பிரெயில் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து, முட்களைத் தடவிவிட்டு மூடினேன். 'டிக்' என்று அது மூடிக்கொண்டது.

என் காதருகே அவன் குரல் கேட்டது.

"மணி என்ன, மாமா?"